தெளிஞ்ச தண்ணிக்குள்ள என்ன இருக்கு?

ஊருக்குப் போய் வாற எல்லாரும் சொல்ற வசனம் ஒண்டு இருக்கு: "எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி வராது." உண்மைதான், குடிச்சால் அப்படி ஒரு குளிர்ச்சி. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில், கண்ணுக்கும் நாக்குக்கும் பிடிபடாத ஒன்று கலந்திருக்கிறது. அதன் பெயர் நைத்திரேற்று.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரைத்தான் நம்ப வேண்டும். மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத மிச்சமும், மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறி மழையோடு கீழே இறங்கும். யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளில் இதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1988இலேயே வெளிவந்துவிட்டது.

சரி, நிறமே இல்லாத ஒன்றை எப்படி அளப்பது? ஒளியால்தான். எங்கட கண் பார்ப்பது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நைத்திரேற்று 220 நானோமீட்டர் புறஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். சாதாரணக் கண்ணாடியும் அந்த ஒளியை மறிக்கும் என்பதால், தண்ணியைக் குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி, உள்ளே போன ஒளி எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் பார்க்கும்.

இதில் லாக் கணக்கு வருகிறது. பத்தில் ஒரு பங்கு ஒளி வெளியே வந்தால் உறிஞ்சல் 1. நூறில் ஒரு பங்கு வந்தால் 2. இப்படி எழுதினால், கரைசல் இரண்டு மடங்கு செறிவாகும்போது உறிஞ்சலும் இரண்டு மடங்காகும். பியர்-லாம்பர்ட் விதி இதுதான். அளவு தெரிந்த நாலைந்து கரைசல்களை முதலில் அளந்து கோடு கீறினால், கிணத்துத் தண்ணி அதில் எங்கே விழுகிறது என்று வாசிக்கலாம். கோடிங் செய்பவர்களுக்குத் தெரிந்த லீனியர் ரிக்ரெஷன்தான், வேறொன்றுமில்லை.

ஒரு சிக்கல்: இலை குழை மக்கி வந்த கரிமப் பொருட்களும் 220இல் உறிஞ்சும். அதனால் 275இலும் ஒருமுறை அளப்பார்கள். அங்கே நைத்திரேற்று உறிஞ்சாது, கரிமம் உறிஞ்சும். அந்த எண்ணின் இரண்டு மடங்கை முதல் எண்ணிலிருந்து கழித்தால் நொய்ஸ் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், கனடாவில் 45. பெரியவர்களை விட, ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தத் தண்ணியில் பால்மா கரைத்தால் இரத்தம் ஒக்சிசன் சுமக்கும் திறனை இழந்து, பிள்ளை நீலம் பாரிக்கலாம். 1945இல் அமெரிக்காவின் ஐயோவாவில் கொம்லி என்ற டொக்டர் இதைக் கிணத்துத் தண்ணியோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

"கொதிக்க வைச்சால் சரிதானே?" இல்லை. கொதித்தால் கிருமி சாகும். ஆனால் தண்ணி ஆவியாக, நைத்திரேற்று இன்னும் செறிவாகும்.

அடுத்த கோடைக்குக் கைப்பிள்ளையோடு ஊருக்குப் போறீங்களா? அம்மம்மாவின் கிணத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. ஒரு போத்தல் தண்ணியை ஆய்வுகூடத்தில் குடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. முடிவு வரும்வரை, பிள்ளையின் பால்மாவுக்கு மட்டும் போத்தல் தண்ணி பாவியுங்கோ.