ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு சிவப்புச் சின்னம்

செஞ்சிலுவைச் சங்கம் என்றதும் நம் வீடுகளில் வயது முதிர்ந்த பெண்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. "சிலுவை போட்ட வண்டியில் வரும் மருந்தை நாம் வாங்கலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. சிலுவையை ஒரு மதத்தின் அடையாளமாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அது கொடியில் பறந்தால் மனம் தயங்கத்தான் செய்யும். அந்தச் சின்னம் எங்கே பிறந்தது, யாழ்ப்பாணத்தில் அது எதைக் காப்பாற்றியது, எதைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை என்பதை அறிந்துகொண்டால் நமக்கே ஒரு முடிவுக்கு வர இயலும்.

1859 ஜூன் 24. வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்ற ஊரருகே பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமும் மோதின. ஒரே நாளில் இறந்தோரும் காயமுற்றோருமாகச் சுமார் 40,000 பேர். வியாபார நோக்கத்தில் அந்தப் பக்கம் வந்த ஜெனீவாக்காரர் ஹென்றி டூனாண்ட், பக்கத்து ஊரான காஸ்டிக்லியோனேயின் பெண்கள் செய்ததைக் கண்டு வியந்துபோனார். தேவாலயத்தில் கிடத்தப்பட்டிருந்த சிப்பாய்களுக்கு அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், கட்டுப் போட்டார்கள். எந்தப் படை, எந்த நாடு என்று விசாரிக்கவில்லை. எல்லோரும் சகோதரர்களே என்பது அவர்கள் பேச்சாக இருந்தது. இன்று உலகெங்கும் பரந்துள்ள இந்த இயக்கத்தின் ஆரம்பம், பெயர்கூடத் தெரியாத அந்தக் கிராமத்துப் பெண்களின் கைகளில்தான் இருக்கிறது என்பதை நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

1863இல் ஜெனீவாவில் ஐந்து பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். போர்க்களத்தில் வைத்தியரையும் காயப்பட்டவரையும் தூரத்திலிருந்தே இனங்காண ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை என்று முடிவாயிற்று. 1864 ஆகஸ்ட் 22இல் கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கையில் அது இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தின் கொடி சிவப்பில் வெள்ளைச் சிலுவை. அந்த நாட்டைக் கௌரவித்து அதன் நிறங்களை மாற்றிப் போட்டதே இந்தச் சின்னம் என்று 1906ஆம் ஆண்டு உடன்படிக்கை விளக்கம் கூறியது. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் சிவப்புச் சாயமும் கிடைத்தால் எவரும் இதைச் செய்துவிடலாம்.

மத நோக்கம் இல்லை என்பது சரி. ஆனால் சுவிஸ் கொடியிலுள்ள சிலுவை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதன் வேர் கிறிஸ்தவத்தில்தான். ஆகவே நம் மூதாட்டிகளின் தயக்கத்தை முழு அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தயக்கம் துருக்கியருக்கும் இருந்தது. உஸ்மானியப் பேரரசு 1865இலேயே உடன்படிக்கையில் சேர்ந்திருந்தும், 1876இல் பால்கன் போரின்போது, சிலுவை எங்கள் சிப்பாய்களின் மனத்தைப் புண்படுத்துகிறது, நாங்கள் செம்பிறையைப் பயன்படுத்துவோம், எதிரியின் சிலுவையையும் மதிப்போம் என்று அறிவித்தது. 1929இல் செம்பிறைக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. ஈரானின் சிவப்புச் சிங்கமும் சூரியனும் அப்போதே ஏற்கப்பட்டது. 1980இல் ஈரான் அதைக் கைவிட்டுப் பிறைக்கு மாறியது.

பாகிஸ்தான், மலேசியா, பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் சங்கங்களும் பிற்காலத்தில் சிலுவையிலிருந்து பிறைக்கு மாறின. ஆனால் உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவில் இன்றும் செஞ்சிலுவைதான்! சட்டத்தின் கண்ணில் பிறைக்கும் சிலுவைக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. இரண்டும் சொல்வது ஒன்றே: "இங்கே சுடாதே."

அந்த வார்த்தை எவ்வளவு பெறுமதியானது என்பதை யாழ்ப்பாணம் நன்கறியும். 1987 ஒக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப் படையினர் நுழைந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளர்கள் என்று ஏறத்தாழ 70 பேர் மாண்டார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருப்பது மட்டும் அதைக் காக்கப் போதவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது, இராணுவம் இருந்த கோட்டை அருகிலேயே இருந்தபடியால் வைத்தியசாலை இயங்க முடியாமற் போயிற்று. முந்திய ஆண்டு இலங்கைக்கு வந்திருந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழு, அரசாங்கத்துடனும் புலிகளுடனும் பேசி, 1990 நவம்பரில் அதைப் பாதுகாப்பு வலயமாக மீண்டும் திறக்க வழிசெய்தது. விமானத்திலிருந்து தெரியும்படி சிவப்புச் சிலுவைகள் தீட்டப்பட்டன. உள்ளே ஆயுதம் கூடாது என்பது நிபந்தனை.

பெயின்ட் குண்டைத் தடுக்காது. தடுத்தது, இரு தரப்பும் கொடுத்த வாக்கு. சின்னம் அந்த வாக்கை எல்லோருக்கும் ஞாபகமூட்டுகிற முத்திரை, அவ்வளவுதான். ஒரு தரப்பு வாக்கை முறித்தாலும் அது வெறும் சாயமாகிவிடும். பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கும், காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தோளில் போட்டு வரும் தாய்க்கும் அந்தக் கூரையின் கீழ் ஓர் இடம் இருந்தது என்றால், அது அந்த வாக்கினால்தான்.

இங்கே நம் நெஞ்சை அறுக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சிலுவைகள் வந்த நவம்பருக்குச் சற்று முன், ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், நகைநட்டுகளையும் வீட்டுச் சாமான்களையும் பறிகொடுத்து, கைக்குழந்தைகளுடன் நடந்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்பார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அவர்களது வீடுகளின் கூரையில் எந்தச் சின்னமும் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. செஞ்சிலுவையும் செம்பிறையும் காயப்பட்டவரையும், வைத்தியரையும், ஆம்புலன்ஸையும், ஆஸ்பத்திரியையும் காக்க ஏற்பட்டவை. குடியிருக்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் அவை பொருந்துவதில்லை. சாதாரணக் குடிமக்களை விரட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறதுதான். அதைக் கூரையில் எழுதிவைக்க ஒரு சின்னம் இல்லை.

அதே சின்னம் சிறு காகிதத்திலும் வந்தது. தபாலும் தொலைபேசியும் அறுந்துபோன காலங்களில், தடுப்புக் காவலில் இருந்தவருக்கும் பிரிந்துபோன குடும்பங்களுக்குமிடையே 'செஞ்சிலுவைச் செய்தி' என்ற திறந்த கடிதத்தை அக்குழு எடுத்துச் சென்றது. குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். "நான் சுகம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான்" என்ற இரண்டு வரி போதும், ஒரு தாய் அன்றிரவு தூங்குவதற்கு. அக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 2011இல் மூடப்பட்டது.

சிலுவையும் வேண்டாம், பிறையும் வேண்டாம் என்பவர்களுக்காக 2005 டிசம்பரில் மூன்றாவது சின்னம் ஒன்று ஏற்கப்பட்டது. செம்படிகம் என்று பெயர். முனையில் நிற்கும் சதுரம், சிவப்பு விளிம்பு, உள்ளே வெண்மை. 2007இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் மக்கள் மனத்தில் அது இன்னும் பதியவில்லை.

இதில் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. டாக்டரின் காரிலும், மருந்துக் கடைப் பலகையிலும், பிள்ளைகளின் விளையாட்டு மருத்துவப் பெட்டியிலும் சிவப்புச் சிலுவையைப் பார்க்கிறோம். அனுமதியின்றி அதைப் போடுவது இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியும், இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம். பிறைக்கும் இதே விதிதான். கண்ட இடத்திலெல்லாம் அது தெரிந்தால், துப்பாக்கியுடன் நிற்பவன் ஒருநாள் உண்மையான ஆம்புலன்ஸையும் நம்ப மாட்டான். உங்கள் தெருவிலுள்ள மருந்துக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பச்சை நிறத்தில் தீட்டிக்கொள்ள அவருக்கு ஒரு டப்பா பெயின்ட்தான் செலவு.