தினம் ஒரு புதுசு... உங்களுக்குத் தெரியுமா?

இன்று புதிதாக என்ன செய்தீர்கள்? யோசித்து வையுங்கள். அதற்குள் சில ஆட்களைப் பார்த்துவிடலாம். புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள். செய்ததோடு விடவில்லை. உட்கார்ந்து எழுதியும் வைத்தார்கள்! தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறார்கள். பொறுக்கி எடுத்தவை இதோ!

லண்டன் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சாமுவேல் பீப்ஸ். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் தேநீர் குடித்தது என்றைக்கு? 1660 செப்டம்பர் 25! எப்படித் தெரியும்? அன்றைய நாட்குறிப்பிலேயே இருக்கிறதே!

அதே பீப்ஸ். 1665 மே மாதம். சட்டைப்பைக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோச்சு வண்டியில் போகிறார். மத்தியானம் முழுக்க மணி பார்த்துக்கொண்டே இருந்தாராம். எத்தனை தடவை? நூறு தடவை! புது செல்போன் வாங்கிய அன்றைக்கு நாம் இருப்போமே, அப்படியே!

1669 மார்ச்சில் ஆரஞ்சுச் சாறு குடித்துப் பார்த்தார். ருசி பிரமாதம். ஆனால் உடம்புக்கு ஏதாவது செய்துவிடுமோ என்று ஒரே பயம். பயந்ததையும் எழுதிவிட்டார்!

ஒன்பதரை வருடம் எழுதினார். பத்து லட்சம் சொற்களுக்கும் மேல். ஏறக்குறைய அத்தனையும் சுருக்கெழுத்தில்! 1819-ல் ஒருவர் உட்கார்ந்து மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தெடுத்தார். அந்தச் சுருக்கெழுத்துக்கான கையேடு எங்கே இருந்தது தெரியுமா? நாட்குறிப்பு இருந்த அதே நூலகத்தில், பீப்ஸின் சொந்தப் புத்தகங்களுக்கு நடுவிலேயே!

வெள்ளைக்காரர்தான் எழுதினாரா? நம் ஆள் இருக்கிறார்! புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிற்பாடு பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர். 1736 செப்டம்பர் 6-ல் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கண்டது, கேட்டது, துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது, போனது, ஊரில் புதிதாக நடந்தது எல்லாம்!

ஆக, புதுமையைத் தேடித் தேடிக் குறித்து வைத்த தமிழர். பீப்ஸ் நிறுத்தியது ஒன்பதரை வருடத்தில். பிள்ளை? கிட்டத்தட்ட 25 வருடம்! அதுவும் அன்றைய பேச்சுத் தமிழில்! அரசாங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது எத்தனை தொகுதி வந்தது தெரியுமா? பன்னிரண்டு! வெளியிட்டு முடிக்க 1904-லிருந்து 1928 வரை ஆனது. அவர் எழுதவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான்!

1761 ஜனவரி 12-ல் பிள்ளை காலமானார். நாலே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது! அவர் வீடு இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது. தெருவுக்குப் பெயரே ரங்கப்பிள்ளை வீதி. அடுத்த தடவை போனால் பார்த்துவிட்டு வாருங்கள்!

இத்தாலி டாக்டர் சான்டோரியோவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர். தராசுக் கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்! சாப்பாட்டை நிறுத்தார். தண்ணீரை நிறுத்தார். தன்னை நிறுத்தார். கழிவைக்கூட விடவில்லை, அதையும் நிறுத்தார்! ஏறக்குறைய முப்பது வருடம்!

அந்த நாற்காலியின் சூட்சுமம் இன்னும் அழகு. தரைக்கு ஒரு விரல் உயரத்தில் தொங்கும். இந்த வேளைக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எடையை வைத்துவிடுவார். சாப்பிடச் சாப்பிடப் பாரம் ஏறும். அளவு வந்ததும் நாற்காலி கீழே இறங்கிவிடும். சாப்பாடு முடிந்தது, எழுந்திரு!

முப்பது வருடக் கணக்கில் என்ன கிடைத்தது? எட்டுப் பவுண்டு உள்ளே போனால் ஐந்து பவுண்டு போல கண்ணுக்கே தெரியாமல் மாயமாகிறது! மூச்சாகவும் வியர்வையாகவும் போகிறது. அதை 1614-ல் புத்தகமாகவே போட்டார். இந்தப் பட்டியலில் என் ஓட்டு இவருக்குத்தான்!

சார்லஸ் டார்வின் பரிணாமம் மட்டுமா சொன்னார்? கேம்பிரிட்ஜில் படிக்கும்போது ஒரு சாப்பாட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள். வேலை ஒன்றே ஒன்று. மனுஷ நாக்கு இதுவரை பார்க்காத பறவை, மிருகம் எல்லாவற்றையும் ருசி பார்ப்பது! பருந்து ஆயிற்று. நாரை ஆயிற்று. கடைசியில் ஒரு கிழட்டு ஆந்தை. அத்தோடு கூட்டமே கலைந்தது!

டார்வின் மட்டும் நிறுத்தவில்லை. பீகிள் கப்பலில் போனார். அர்மடில்லோ சாப்பிட்டார். பூமா சாப்பிட்டார். சாப்பிட்டதெல்லாம் குறிப்பேட்டில்!

படகோனியாவில் நடந்ததுதான் உச்சம். ரியா என்ற நெருப்புக்கோழி மாதிரிப் பறவையில் சின்ன ரகம் ஒன்றை மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் சமைத்த கறி வந்தது. சாப்பிட்டார்கள். அப்போதுதான் சுரீர் என்று உறைத்தது. தேடிய பறவை தட்டில்! தலை, கழுத்து, கால், இறக்கை, இறகு, தோல் என்று மிஞ்சியதையெல்லாம் வாரிச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார். 1837-ல் அதற்கு டார்வின் பெயரையே வைத்தார்கள். எச்சில் தட்டிலிருந்து ஒரு அறிவியல் பெயர்!

புத்தகம் தைக்கிற கடையில் வேலை கற்ற பையன் மைக்கேல் ஃபாரடே. 1812-ல் விஞ்ஞானி டேவியின் நாலு சொற்பொழிவு கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் விரிவாக எழுதினார். படம் போட்டார். தன் கையாலேயே தைத்து அட்டை கட்டி டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருடம் டேவியின் ஆய்வுக்கூடத்தில் வேலை! குறிப்பெடுத்தே வேலை வாங்கியவர்!

பிற்பாடு என்ன செய்தார்? தினசரி ஆய்வுக் குறிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார். 1832-ல் ஒன்று என்று தொடங்கினார். 1860-ல் நிறுத்தும்போது எண் என்ன? 16,041! பலிக்காத சோதனைகளுக்கும் அதில் இடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்!

பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 13 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டார். வாரத்துக்கு ஒன்றைப் பழகினார். தவறினால் சின்ன நோட்டில் கறுப்புப் புள்ளி! 13 வாரத்தில் ஒரு சுற்று. வருடத்துக்குச் சரியாக நாலு சுற்று!

காந்தி வயலின் கற்றார், தெரியுமா? லண்டனில் சட்டம் படிக்கும்போது மூன்று பவுண்டு கொடுத்து வயலின் வாங்கினார்! நடனப் பள்ளியில் சேர்ந்தார். பேச்சுக்கலை வகுப்புக்கும் போனார். கொஞ்ச நாளில் இது நமக்கு வேண்டுமா என்று தன்னையே கேட்டு முடிவெடுத்து விட்டுவிட்டார். விடாத பழக்கம் எது? பஸ் காசு, தபால்தலைக் காசு வரை எழுதி, கணக்கு நேரான பிறகுதான் ராத்திரி படுக்கை!

தென்னாப்பிரிக்கச் சிறையில் தமிழ் படித்தார். வங்காளத்து நவகாளியில் நடந்தே ஊர் ஊராகப் போனபோது வங்காளி எழுதப் பழகினார். வயது 77! அதை எதுவரை விடவில்லை? கடைசி நாளான 1948 ஜனவரி 30 காலையில்கூட வங்காளி எழுத்துப் பயிற்சி நடந்தது!

ஜப்பானிய ஓவியர் ஆன் கவாரா 1966 ஜனவரி 4-ல் ஒரு ஓவியம் தீட்டினார். ஓவியத்தில் என்ன? அன்றைய தேதி, அவ்வளவுதான்! ராத்திரி 12 மணிக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். அப்படியும் ஏறக்குறைய 3,000 ஓவியம்!

கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வாழ்க்கையைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்தார். அந்தக் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் 270 அடி நீளம்! அமெரிக்காவின் ராபர்ட் ஷீல்ட்ஸ் அவரையும் தூக்கிச் சாப்பிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு! 25 வருடம்! மொத்தம் மூன்றே முக்கால் கோடி சொற்கள்! (இவ்வளவு வேண்டாம். நமக்கு நாளைக்கு நாலு வரி போதும்.)

நியூயார்க்கில் ஜூலி பவல் 2002-ல் ஒரு பிரெஞ்சு சமையல் புத்தகத்தைத் திறந்தார். 524 பதார்த்தம், 365 நாள்! ஆபீஸ் விட்டு வந்து குட்டி அடுக்களையில் சமைத்தார். வெந்ததையும் கெட்டதையும் எழுதினார். அது புத்தகமானது. 2009-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது!

ஜியா ஜியாங் தினமும் ஒருவரிடம் ஏதாவது கேட்டு ‘முடியாது’ என்ற பதிலை வாங்கப் புறப்பட்டார். 100 நாள் திட்டம்! மூன்றாம் நாள் ஒரு கடையில், ஒலிம்பிக் வளையம் மாதிரி ஐந்து டோனட்டைக் கோத்துத் தரச் சொன்னார். நிச்சயம் மறுப்பார்கள் என்று நினைத்தார். கடைக்காரப் பெண் காகிதத்தில் படம் போட்டுப் பார்த்து, கலர் சரிபார்த்து, கால் மணி நேரத்தில் செய்தே கொடுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை!

இப்போது பெரிய வெடி! மைக் விங்கல்மன், புனைபெயர் பீப்பிள், 2007 மே 1-ல் ஒரு படம் வரைந்தார். மறுநாள் இன்னொன்று. ஒரு நாள்கூட விடவில்லை. 5,000 நாள்! ஆரம்பப் படங்கள் சுமார்தான். நாளாக ஆக மெருகு ஏறுவதை வரிசையாகவே பார்க்கலாம். மொத்தத்தையும் ஒரே டிஜிட்டல் ஓவியமாக்கி 2021 மார்ச்சில் ஏலம் விட்டார்கள். விலை 6 கோடியே 93 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் நம் காசில் 500 கோடி ரூபாய் போல!

வாங்கியவர் யார்? அப்போது சிங்கப்பூரில் இருந்த தமிழர் விக்னேஷ் சுந்தரேசன்!

இப்படிப் புதிதாக ஒன்றைப் பழகினால் மூளைக்கு என்ன நடக்கிறது? ஜெர்மனியில் சிலரை மூன்று மாதம் மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பழக்கினார்கள். மூளையில் ஒரு பகுதி வளர்ந்தே விட்டது! படமெடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பழக்கத்தை விட்டதும் அது மறுபடி சுருங்கியது! ஆய்வு வெளிவந்தது 2004-ல்.

எழுதினால்? 1988-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் 50 பேர். நாலு நாள், தினம் 20 நிமிடம். மனசை வாட்டியதை எழுதியவர்கள் அடுத்த சில வாரங்களில் டாக்டரிடம் போனதே குறைந்தது!

வயதாகிவிட்டது என்கிறீர்களா? கேரளம், ஆலப்புழை மாவட்டம், சேப்பாடு. கார்த்தியாயினி அம்மா. மகள் படித்துத் தேறியதைப் பார்த்து ஆசை வந்ததாம். 2018-ல் எழுத்தறிவுத் தேர்வில் உட்கார்ந்தார். வயது 96! எழுதியவர்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல். முதலிடம் இவருக்கு! மதிப்பெண்? நூற்றுக்கு 98! அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார். கல்வி அமைச்சரே லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார்!

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். சராசரி 66 நாள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 வரை போகிறது! நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்? பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை! ஆகவே ஒரு நாள் தவறியது என்று நோட்டை மூடிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மறுநாள் தேதியைப் போட்டு, செய்து பார்த்ததை நாலு வரி எழுதுங்கள்!