சக்கரத்தின் மேல் ஒரு வீடு: மோட்டார் ஹோமில் பயணம் செய்வோர் கவனிக்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கும்போது எமது வீடுகளில் ஒரே பேச்சுத்தான். இந்த முறை எங்கே போவது? முன்பெல்லாம் நயாகரா, மொன்றியல், ஆயிரம் தீவுகள் என்று வானில் போய் வந்தோம். இப்போது பல குடும்பங்கள் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வாகனத்தை வாடகைக்கு எடுக்கின்றன. சிலர் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். அம்மம்மாவுக்குப் படுக்கை உண்டு, மலசலகூடம் உண்டு, அடுப்பு உண்டு. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போகாமல் போன இடத்திலேயே சமைக்கலாம். முதியவர்களையும் சிறுபிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்ல இதைவிட வசதியான வழி இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் இந்த வசதியே எம்மை ஏமாற்றிவிடுகிறது. வீடு போல இருப்பதால் வீட்டில் நடப்பது போலவே அதற்குள்ளும் நடந்துகொள்கிறோம். ஓடும்போது அது ஒரு வாகனம் என்பதையும், நிற்கும்போது அது ஒரு படுக்கை அறையளவு காற்று மட்டுமே உள்ள மூடிய பெட்டி என்பதையும் மறந்துவிடுகிறோம். உடல்நலத்துக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த மறதியால்தான் வருகின்றன.

எமக்கு நேர்ந்தது

சில வருடங்களுக்கு முன்பு நாமும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து வாடகை மோட்டார் ஹோமில் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போனோம். இரண்டாம் நாள் மாலை கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அடுப்பை வாகனத்தின் நிழற்சீலைக்குக் கீழே, வாசலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தோம். சாரல் உள்ளே அடிக்காமல் யன்னல்களையும் மூடினோம். சற்று நேரத்தில் உள்ளே அலாரம் அடித்தது. "பொரிக்கிற புகைக்குத்தான் அடிக்குது" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஏறிப் பற்றரியைக் கழற்றிவிட்டார்.

அரை மணி நேரத்தில் அம்மம்மா தலை இடிக்கிறது என்று படுத்துவிட்டார். சின்னவனுக்குச் சத்தி வந்தது. காலையில் குடித்த பால் பழுதாகியிருக்கும் என்று நினைத்தோம். எம்முடன் வந்தவர்களில் ஒருவர் தாதி. இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததைக் கண்டதும் அவர் எல்லோரையும் மழைக்குள்ளேயே வெளியே இழுத்துவிட்டார். 911 அழைத்தோம். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள், எல்லோரும் தேறினார்கள். அந்த அலாரம் புகைக்கு அடிக்கவில்லை. காபன் மொனொக்சைட் வாயுவுக்கு அடித்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பிழையாக விளங்கிக்கொண்டவர்கள் நாம்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கரி, விறகு, பெற்றோல், புரோப்பேன் காஸ் எதுவானாலும் முழுமையாக எரியாதபோது அது உண்டாகிறது. எமது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஒட்சிசனை விட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் மூச்சு எடுத்தாலும் ஒட்சிசன் உடம்புக்குப் போய்ச் சேராது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், களைப்பு, குழப்பம் என்பன முதல் அறிகுறிகள். சாதாரண சளிக்காய்ச்சல் போலத் தோன்றும், ஆனால் காய்ச்சல் இருக்காது. ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கு ஒன்றாக வருவதும், வெளியே போனால் குறைவதும் இதை அடையாளம் காட்டும். நித்திரையில் இருப்பவர் எதையும் உணராமலே இறந்துவிடலாம். சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், இருதய நோய் உள்ள முதியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஒன்ராறியோவில் இது குறித்து ஒரு சட்டமே வந்ததற்குக் காரணம் ஒரு குடும்பத்தின் இழப்பு. 2008 டிசெம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் மாகாணப் பொலிஸ் அதிகாரி லோறி ஹோக்கின்ஸ், அவரது கணவர், இரு பிள்ளைகள் ஆகிய நால்வரும் தமது வீட்டில் இந்த வாயுவால் உயிரிழந்தார்கள். காஸ் கணப்பு அடுப்பின் புகைப்போக்கி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. உறவினர்களின் இடைவிடாத முயற்சியால் 2013இல் ஹோக்கின்ஸ் ஜினியாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருளில் இயங்கும் சாதனங்கள் உள்ள வீடுகளில் அலாரம் கட்டாயமாயிற்று. ஒரு முழு வீட்டிலேயே இப்படி என்றால், அதே அடுப்பும் வெப்பமூட்டியும் உள்ள ஒரு சிறிய வாகனத்தில் எவ்வளவு விரைவாக வாயு சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே இவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்:

• வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போதே காபன் மொனொக்சைட் அலாரம், புகை அலாரம், காஸ் கசிவு அலாரம் மூன்றும் எங்கே உள்ளன என்று கேளுங்கள். ஒவ்வொன்றின் பொத்தானையும் அழுத்திச் சத்தம் கேட்டுப் பாருங்கள். அலாரங்களுக்கும் ஆயுட்காலம் உண்டு. அதில் அச்சிட்டுள்ள திகதியைப் பாருங்கள்.

• எந்த அலாரம் எப்படி ஒலிக்கும் என்பதை முதியவர்கள் உட்பட எல்லோருக்கும் காட்டுங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தால் முதலில் வெளியே வர வேண்டும், பிறகுதான் காரணம் தேட வேண்டும். யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருந்தால் 911 அழையுங்கள்.

• கரி அடுப்பு, பார்பிக்யூ, சிறிய கூடார அடுப்பு எதையும் உள்ளேயோ, வாசலுக்கு அருகிலோ, நிழற்சீலைக்குக் கீழோ வைக்கக்கூடாது. நெருப்பு அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் வாயு வரும்.

• உள்ளே சமைக்கும்போது கூரைத் துவாரத்தின் விசிறியைப் போட்டு, ஒரு யன்னலையும் திறந்து வையுங்கள். எமது சமையலில் புட்டு, இடியப்பம் என்று நெடுநேரம் அடுப்பு எரியும் என்பதால் இது மிக முக்கியம். குளிருக்காகச் சமையல் அடுப்பை மூட்டிவிட்டு இருக்கவே கூடாது.

• மின்பிறப்பாக்கி ஓடும்போது எவரும் உள்ளே நித்திரை கொள்ள வேண்டாம். பக்கத்து வாகனத்தின் மின்பிறப்பாக்கிப் புகையும் உங்கள் யன்னலால் வரலாம்.

புரோப்பேன் காஸ் வேறு வகை ஆபத்து. அது காற்றை விடப் பாரமானது, தரையில் தேங்கும். அழுகிய முட்டை மணம் வந்தால் நெருப்புக்குச்சி, மின் ஆளி எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, வெளியில் உள்ள தாங்கியின் வால்வை மூடி, தூரத்தில் நின்று உதவி கேளுங்கள். பெற்றோல் நிரப்பும்போதும் தாங்கியை மூடி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி போன்ற காஸ் சாதனங்களை நிறுத்திவிட வேண்டும்.

ஓடும்போது அது வாகனம்

ஒன்ராறியோவில் 11,000 கிலோகிராம் வரையுள்ள மோட்டார் ஹோமைச் சாதாரண ஜி வகை அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டலாம். அதனால் இது பெரிய கார்தானே என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பிரேக் பிடித்து நிற்க அதற்கு அதிக தூரம் வேண்டும். பக்கக் காற்று அதைத் தள்ளும். அதன் உயரம் மூன்று மீற்றருக்கு மேல் இருக்கும். சரியான உயரத்தை எழுதிச் சாரதியின் கண்முன்னே ஒட்டி வையுங்கள்.

ஓடும் வாகனத்தில் எழுந்து நடப்பதும், தேநீர் ஊற்றுவதும், கட்டிலில் படுப்பதும் எம்மவர்களிடம் சாதாரணமாகக் காணும் பழக்கம். திடீரென்று பிரேக் பிடித்தால் நின்றவர் முன்னே வீசப்படுவார். எல்லோரும் ஆசனப்பட்டியுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டி அணிவதற்குச் சாரதியே சட்டப்படி பொறுப்பு. குழந்தை இருக்கைகளை முன்னோக்கிய ஆசனத்தில்தான் பொருத்த வேண்டும். பக்கவாட்டு ஆசனங்களில் பொருத்தக்கூடாது. எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை முன்னோக்கிய ஆசனங்களுக்குப் பட்டி உண்டு என்றும் கேட்டபின் முன்பதிவு செய்யுங்கள். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு ரெயிலருக்குள் ஓடும்போது ஒருவரும் இருக்கக்கூடாது என்பது ஒன்ராறியோ சட்டம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நெடுநேரம் அசையாமல் இருந்தால் கால் நாளங்களில் குருதி உறையும் ஆபத்து முதியவர்களுக்கு உண்டு. மலசலகூடம் போக வேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது அதை மேலும் கூட்டும். சாரதிக்கும் அந்த ஓய்வு தேவை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த களைப்போடு இரவில் புறப்படுவதை விட, நன்றாகத் தூங்கி விடியற்காலையில் புறப்படுவது நல்லது. வடக்கு வீதிகளில் இருட்டியபின் மூஸ் மான்கள் குறுக்கிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்சுலினும் உணவும் தண்ணீரும்

எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினை, உருகிய பின்னும் பாவிக்கக்கூடாது. மோட்டார் ஹோம்களில் பல குளிர்சாதனப் பெட்டிகள் காஸில் இயங்குபவை. வாகனம் சரிவாக நின்றால் இவை ஒழுங்காகக் குளிர்விக்கமாட்டா. ஆகவே சமதரையில் நிறுத்துங்கள். முதல்நாள் இரவே பெட்டியை இயக்கிவிடுங்கள். பத்து டொலருக்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியை உள்ளே வைத்து, காலையும் மாலையும் பாருங்கள். இன்சுலினைப் பின்பக்கக் குளிர்த் தகட்டில் முட்டாமல் வையுங்கள். இறைச்சி, மீன், பால் என்பன 4 பாகைக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக இருந்திருந்தால் வீசிவிடுங்கள்.

நேரம் தவறிய சாப்பாட்டால் சீனி குறையலாம். குளுக்கோஸ் குளிசையோ பழரசமோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிசைகளைப் போகும் நாட்களுக்கு மேலும் சில நாட்களுக்குச் சேர்த்து எடுங்கள். மருந்துகளின் பெயர்ப் பட்டியலை இருவரின் கைப்பையில் வையுங்கள்.

வாடகை வாகனத்தின் தண்ணீர்த் தாங்கி எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால், அந்தத் தண்ணீரைக் கழுவ மட்டும் பாவித்து, குடிக்கப் போத்தல் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். கழிவுத் தாங்கியை வெறுமையாக்கும்போது கையுறை அணியுங்கள். முதலில் மலக் கழிவு, அடுத்து கழுவிய நீர். அதன்பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அடுப்பங்கரைப் பக்கம் போகலாம்.

சொந்தமாக வைத்திருப்போருக்கு

குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த வாகனத்துக்குள் எலி புகுந்திருக்கலாம். எலி எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டினால் தூசியோடு நோய்க்கிருமி மூச்சில் போகும். முதலில் கதவு யன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். பின்பு கையுறையும் முகக்கவசமும் அணிந்து, நீர் கலந்த புளீச்சால் எச்சத்தை நனைத்துத் துடையுங்கள். வெப்பமூட்டியின் வெளிப்புகை வழியில் குளவிக்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காஸ் இணைப்புகளைத் தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளரிடம் வருடந்தோறும் காட்டுங்கள்.

காப்புறுதியும் அவசர உதவியும்

வேறு மாகாணத்துக்குப் போனாலும் ஓஹிப் அட்டையைக் கொண்டு செல்லுங்கள். ஆனால் அங்குள்ள அம்புலன்ஸ் கட்டணத்தையும், மருந்தகத்தில் வாங்கும் மருந்துகளையும் ஓஹிப் பொறுப்பேற்காது. கியூபெக்கில் வைத்தியர் பணத்தை முதலில் உங்களிடமே கேட்கக்கூடும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்காவுக்குள் போவதாயின் தனியார் காப்புறுதி இல்லாமல் எல்லை தாண்ட வேண்டாம். அங்குள்ள வைத்தியசாலைக் கட்டணத்தில் ஓஹிப் தருவது மிகச் சிறு பகுதியே. சுப்பர் விசாவில் வந்துள்ள பெற்றோருக்கு ஓஹிப் இல்லை. அவர்களது காப்புறுதி ஏற்கனவே உள்ள இருதய நோய், நீரிழிவு என்பவற்றை ஏற்குமா என்று புறப்படுமுன் வாசித்துப் பாருங்கள்.

பூங்காக்களில் கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. போய் இறங்கியவுடன் பூங்காவின் பெயர், தங்கும் இடத்தின் இலக்கம், அருகிலுள்ள வீதி இலக்கம் மூன்றையும் கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். 911 அழைக்கும் பிள்ளைகூட அதைப் பார்த்து வாசிக்கலாம். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு ஒன்ராறியோவில் 811 எண்ணில் தாதியுடன் பேசலாம்.

அடுத்த பயணத்தில் நாம் அம்மம்மாவைக் கொண்டே மூன்று அலாரங்களின் பொத்தான்களையும் அழுத்துவித்தோம். இப்போது வாகனத்தில் ஏறியதும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "அது அடிக்குதா பாத்தனீங்களோ?" என்பதுதான். உங்கள் குடும்பத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்கட்டும். கோடைப் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.