ஃப்ளைவீல் போல்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மளிகையும் எண்ணெயும் விற்கும் உறுப்பினர்கள் படிக்கும் நமது இதழில் கார் போல்ட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். எழுத வைத்தவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். மாருதி எஞ்சினை வைத்து கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் நமது கோவை. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தளம் இருக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைத் திருத்தி, அங்கே ஓட்டிப் பார்க்கும் பையன்கள் நமது உறுப்பினர் குடும்பங்களிலேயே உண்டு. அவர்கள் போல்ட் கேட்டு வருவது நாங்கள் போல்ட், நட்டு மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு. பணம் கொடுப்பவர் அப்பா என்பதால் அப்பாக்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் பூட்டிய கனத்த சக்கரம். கிளட்ச் அதன் மேல்தான் உட்காருகிறது. எஞ்சின் தரும் விசை முழுவதும் அந்தப் பூட்டு வழியாகவே கியர்பாக்ஸுக்குப் போயாக வேண்டும். 8 கிலோ எடையும் 28 செ.மீ. விட்டமும் உள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதில் அடங்கியிருக்கும் சக்தி, 2 டன் சரக்கை ஒரு மீட்டர் உயரம் தூக்கப் போதும். அது கழன்றால் கியர்பாக்ஸ் கூட்டை உடைத்துக்கொண்டு வரும். கூட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டுபவரின் கால் இருக்கிறது.

இத்தனையையும் பிடித்திருப்பது ஆறோ எட்டோ சிறிய போல்ட்கள். எப்படிப் பிடிக்கின்றன என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம். போல்ட் குறுக்கே ஆணி போல நின்று சக்கரத்தைத் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நமது குடோனில் அடுக்கின் அடிமூட்டையை யாராவது உருவ முடியுமா? அதைக் கயிறு போட்டா கட்டியிருக்கிறோம்? மேலே உள்ள பாரம்தான் நகரவிடாமல் வைக்கிறது. போல்ட் செய்வதும் அதே வேலை. முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு சக்கரத்தை கிராங்க் மேல் அழுத்துகிறது. 10 மி.மீ. தடிமனில் 10.9 கிரேடு போல்ட் ஒன்றைச் சரியாக முறுக்கினால் சுமார் 4 டன் அழுத்தம் கிடைக்கும். ஆறு போல்ட்டுக்கு 24 டன். அதாவது 50 கிலோ மூட்டை 480 அடுக்கி வைத்த பாரம்.

அந்த அழுத்தம் குறைந்தால் சக்கரம் இமை அளவு நகரத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்தக் கதிதான். பந்தயத்தில் கிளட்சைப் படாரென்று விடுவதால் வரும் அடி சாதாரண ஓட்டத்தில் வருவதைப் போலப் பல மடங்கு. ஆகவேதான் ஊருக்குள் ஓட்டும் காரில் பத்து வருடம் நின்ற பூட்டு, பந்தயக் காரில் பத்து நாள் நிற்பதில்லை.

போல்ட் தலையில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 8.8 என்றால் முதல் எண் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 80 கிலோ தாங்கும் என்பது. புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பது. அதே கணக்கில் 10.9 சுமார் 100 கிலோ, 12.9 சுமார் 120 கிலோ. எண்ணோடு தயாரிப்பாளர் முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத போல்ட்டை பந்தல் போடப் பயன்படுத்துங்கள்.

எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை நாங்கள் படித்தது எங்கள் சொந்தச் செலவில். 2011-இல் நமது உறுப்பினர் ஒருவரின் மகன் வந்து, "பெரியப்பா, 10.9 வேண்டாம், 12.9 குடுங்க. பளபளன்னு இருக்கறதே இருக்கட்டும்" என்றான். துத்தநாகப் பூச்சு போட்ட 12.9 போல்ட் அப்போது எங்களிடம் இருந்தது. விலை சல்லிசு என்று பில் இல்லாமல் ஒருவரிடம் வாங்கிய உதிரிச் சரக்கு. கொடுத்து அனுப்பினோம். மெக்கானிக் ஒழுங்காகவே பூட்டினார். இரண்டு நாள் கழித்து, கார் தளத்துக்குப் போகும் முன்பே, சாலையிலேயே எஞ்சினில் கடகடவென்று சத்தம். இறக்கிப் பார்த்தால் இரண்டு போல்ட்டின் தலை தனியாக வந்திருந்தது. மற்றவை தளர்ந்து, கிராங்கின் துளைகள் முட்டை வடிவமாகி, கியர்பாக்ஸ் கூட்டில் விரிசல். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தளத்தில் ஏழாயிரம் சுற்றில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் அப்பா கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பூச்சுப் போடுவதற்கு முன் போல்ட்டை அமிலத்தில் கழுவுகிறார்கள். பிறகு மின்சாரம் செலுத்திப் பூசுகிறார்கள். இரண்டிலும் ஹைட்ரஜன் வாயு எஃகுக்குள் புகுந்துவிடுகிறது. பூசிய உடனே சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வைக்காமல் விட்டால், முறுக்கும்போது நன்றாகவே இருக்கும் போல்ட் சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானே வெடித்து முறியும். எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவு இந்த ஆபத்து, 8.8-இல் பெரும்பாலும் வராது, 12.9-இல் வரும். கருப்பாக, எண்ணெய்ப் பசையோடு வரும் போல்ட்டே இந்த வேலைக்கு நல்லது. சரக்கைக் கொடுத்தவரிடம் போய் நின்றோம். பில் எங்கே என்று கேட்டார். கிராங்கின் விலையை நாங்கள் கொடுத்தோம்.

வடிவத்திலும் ஃப்ளைவீல் போல்ட் தனி ரகம். கிளட்ச் தகடு உரசாமல் இருக்கத் தலை தட்டையாக இருக்கும். மரை நெருக்கமாக இருக்கும், 10 மி.மீ. சாதாரண போல்ட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் இதில் 1 அல்லது 1.25. நீளமும் அளந்து வைத்தது. இரண்டு மில்லிமீட்டர் கூடினால் துளையின் அடியில் முட்டிக்கொண்டு இறுகியதுபோல் காட்டும், அழுத்தம் இருக்காது. எனவே வண்டி, எஞ்சின் எண் சொல்லிக் கேட்க வேண்டும். பந்தயத்துக்கென்றே போல்ட் செய்யும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் ஏ.ஆர்.பி. 1968-இல் தொடங்கியது, 8740 என்னும் குரோம்-மாலிப்டினம் எஃகில், சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 130 கிலோ தாங்கும்படி செய்கிறார்கள். விலை கூடுதல்தான்.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். பல ஃபோக்ஸ்வேகன் கார்களில் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கி, பிறகு கால் சுற்று மேலும் திருப்பச் சொல்கிறார்கள். இப்படிக் கோணக் கணக்கில் திருப்பும் போல்ட் பெரும்பாலும் நிரந்தரமாக நீண்டுவிடும். கழற்றினால் குப்பைக்குத்தான்.

பூட்டும் முறையில் முக்கியமானது டார்க் ரெஞ்ச். கைக்கணக்கு உதவாது, அது இருபது வருட மெக்கானிக் கையாக இருந்தாலும். நாம் முறுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்விலும், நாற்பது பங்கு மரையிலும் போய்விட, போல்ட்டை நீட்டுவது பத்துப் பங்குதான். தரகு, லாரி வாடகை, கூலி எல்லாம் போக நம் கையில் நிற்பது போல. இப்போது மரையில் எண்ணெய் தடவி உராய்வைக் கொஞ்சம் குறைத்தால் அந்தப் பத்து பதினைந்தாகிவிடும், போல்ட் தாங்காது. ஆகவே கொடுத்திருக்கும் அளவு காய்ந்த மரைக்கா, எண்ணெய் போட்டதற்கா, நிறுவனம் தரும் பசைக்கா என்று பார்த்துத்தான் முறுக்க வேண்டும்.

கிராங்க் முகமும் சக்கர முகமும் எண்ணெய், பெயின்ட், பிசிறு இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். போல்ட் முதலில் கையாலேயே உள்ளே ஓட வேண்டும். ஓடாவிட்டால் மரையைப் பாருங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். பல எஞ்சின்களில் துளை உள்பக்கம் எண்ணெய் வரை திறந்திருக்கும். அங்கே மரைக்குப் பசை போடாவிட்டால் எண்ணெய் கசிந்து கிளட்ச் வழுக்கும். பசை போட்டால் ஒரு நாள் காய விட வேண்டும். எதிரெதிராக, மூன்று தவணையில் முறுக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். குறுக்கு அதிர்வில் போல்ட் எப்படித் தானே கழலுகிறது என்பதை 1969-இலேயே யுங்கர் என்ற ஜெர்மானியர் சோதித்துக் காட்டினார். கழலாமல் காப்பது போதிய அழுத்தமே. வாஷர் அதற்கு உதவாது.

எல்லா வண்டியிலும் இப்படி ஆறு எட்டு இருக்கும் என்றும் இல்லை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, கூடவே நான்கு டவல் பின். அதை சுமார் 35 கிலோ-மீட்டர் முறுக்க வேண்டும். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 35 கிலோ தொங்குவதற்குச் சமம். பந்தயத்துக்கு விடுபவர்கள் டவல் பின்னை எட்டாகக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது ஃப்ளைவீல் போல்ட்டை நாங்கள் உதிரியாகக் கொடுப்பதில்லை. பெட்டியோடும் பில்லோடும் மட்டுமே. டார்க் ரெஞ்ச் ஒன்றும் கடையில் வைத்திருக்கிறோம். உறுப்பினர் வீட்டுப் பையன்கள் கேட்டால் இரண்டு நாளுக்குக் கொடுக்கிறோம், வாடகை இல்லை. திருப்பிக் கொண்டுவரும்போது அதன் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்திக் கொண்டுவரச் சொல்லுங்கள். தளர்த்தாமல் வைத்தால் அடுத்தவர் முறுக்கும்போது அளவு தப்பும். போன மாதம் வாங்கிப் போனவர் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார்.