மழலைப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா?



பொங்கல் முடிந்தால் போதும், காலைப் பேப்பரைப் பிரித்தாலே மழலைப் பள்ளி நோட்டீஸ்கள் மடியில் விழ ஆரம்பித்துவிடும். 'மான்டிசோரி முறை', 'பிளே வே மெத்தட்', 'ஃபைன் மோட்டார் பயிற்சி' என்று ஒரே நோட்டீஸில் பத்து பெரிய வார்த்தைகள். அர்த்தம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டு, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். 28 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பயிற்சியில் படித்து, பிள்ளைகளிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொன்னால் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். மகனுக்கு 3 வயது. போன வருஷம் ஒருநாள் கையில் நோட்டீஸோடு வந்தாள். "அத்தை, வளையலை அடகு வச்சிடலாம்னு இருக்கேன். மான்டிசோரி ஸ்கூலாம். மூணே மாசத்துல பிள்ளையை எழுத வச்சிடுவாங்களாம்" என்றாள். "அடகு வைக்கிறது இருக்கட்டும்மா. மான்டிசோரின்னா என்னன்னு கேட்டியா?" என்றேன். "அதெல்லாம் எப்படிக் கேட்கிறது அத்தை, நமக்குப் புரியவா போகுது?" என்றாள். புரியாத விஷயம் ஒன்றுமே இல்லை, சகோதரிகளே. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இந்த 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்'. ஜெர்மன் மொழியில் 'குழந்தைகளின் தோட்டம்' என்று அர்த்தம். ஃப்ரோபெல் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு இடம் ஆரம்பித்து, 1840-ல் இந்தப் பெயரை வைத்தார். அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டைகளும். பாட்டு, விளையாட்டு, செடி வளர்ப்பது, இதுதான் பாடம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இன்று நாலு வயதுப் பிள்ளைக்கு நாலு நோட்டும் டெஸ்ட்டும் வைக்கிறோம்!

அடுத்தது மான்டிசோரி. இது ஒரு அம்மாவின் பெயர். இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மான்டிசோரி. 1907-ல் ரோம் நகரில், கூலி வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காக 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். பணக்காரப் பிள்ளைகளுக்காக வந்த முறை இல்லை இது. அந்த அம்மா 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானலிலும் சில வருஷம் வாழ்ந்திருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற புத்தகம் ஒன்று 1949-ல் அடையாறில்தான் அச்சானது.

அவர் முறையில் பிள்ளை செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, துணி மடிப்பது, தரை துடைப்பது! நம் வீட்டில் பிள்ளை ஆசையாகத் துடைப்பத்தைத் தூக்கினால் பிடுங்கி வைத்துவிட்டு, இதைப் பார்க்கப் பணம் கட்டப் போகிறோம். எழுத்தும் அந்த முறையில் உண்டு. ஆனால் முதலில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பழகும். பென்சில் அப்புறம்தான். நோட்டில் ஒரே எழுத்தை ஐம்பது தடவை எழுதச் சொல்வது அதில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணோடு பள்ளிக்கு நானும் போனேன். ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள், வரிசையாக பெஞ்சில். மான்டிசோரி சாமான்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பளபளவென்று இருந்தன. பீரோவில் பூட்டு. "இதைப் பிள்ளைங்க கையில எப்போ கொடுப்பீங்க?" என்று அவளேதான் கேட்டாள். "வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் மேடம்" என்று பதில் வந்தது. வெளியே வந்ததும், "வளையல் என் கையிலயே இருக்கட்டும் அத்தை" என்றாள்.

'ஃபைன் மோட்டார்' என்பது விரல், மணிக்கட்டு இவற்றின் சின்னத் தசைகளைப் பயன்படுத்தும் திறமை. 'கிராஸ் மோட்டார்' என்பது ஓடுவது, குதிப்பது, ஏறுவது போன்ற பெரிய தசைகளின் வேலை. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாக இருக்கும். ஒவ்வொன்றாக இறுகி எட்டும் முழுதாகப் பத்து வயது வரைகூட ஆகும். அந்தக் கையில் 3 வயதில் பென்சிலைத் திணித்து, "கோட்டுக்குள்ள எழுது" என்று அதட்டினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அதற்குப் பதில் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொடுங்கள். பூ கோர்க்க விடுங்கள். பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள் (மூக்கில், வாயில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்). எழுதப் போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

அந்தப் பெண் மகனைப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளியில் சேர்த்தாள். மணல், ஊஞ்சல், பாட்டு, கதை, அவ்வளவுதான். உடனே மாமியார், "அங்க என்னத்தைச் சொல்லித் தர்றாங்க? விளையாட்டுத்தானே!" என்றாராம். பாதி வீடுகளில் இந்தப் பேச்சு இருக்கிறது. 'பிளே வே' என்பது பாடத்துக்கு நடுவே ரெஸ்ட் விடுவது இல்லை. விளையாட்டே பாடம். சொப்பு வைத்துச் சமைக்கும் பிள்ளை எத்தனை பேருக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் போடுகிறது. "நீ அப்பா, நான் டாக்டர்" என்று பேசும்போது மொழி வளர்கிறது. தன் முறை வரும் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

"என் பிள்ளை யாரோடும் சேர மாட்டேங்குது, தனியாவே விளையாடுது" என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒன்று. இரண்டு, மூன்று வயதில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள். இதற்குப் 'பாரலல் பிளே' என்று பெயர். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அம்மையார் 1932-லேயே இதை எழுதியிருக்கிறார். சேர்ந்து கூட்டாக ஆடுவது அதற்கப்புறம் மெல்ல வரும். அதற்குள் குறை சொல்லாதீர்கள். ஆனால் கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்க்காமல், பேச்சும் வராமல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பெயரையும் டீச்சர்கள் சொல்வார்கள். அவர் செய்து பார்த்ததை நீங்களும் அடுக்களையில் செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளை கண் முன்னாலேயே ஒன்றை உயரமான ஒல்லி கிளாஸில் மாற்றி ஊற்றி, "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமான கிளாஸைத்தான் காட்டும். அது மக்கு இல்லை. ஏழு வயதுவாக்கில்தான் அளவு மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லும். அதனால்தான் நூறு வரை ஒப்பிப்பது வேறு, ஆறு இட்லியை எண்ணித் தட்டில் வைப்பது வேறு. இரண்டாவதுதான் கணக்கு.

இன்னொரு வார்த்தை 'ஸ்கஃபோல்டிங்'. வீடு கட்டும்போது கட்டுகிறோமே, அந்தச் சாரம்தான்! வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், பிள்ளை தானாகச் செய்வதற்கும் ஒருவர் துணையோடு செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார். பின்னால் 1976-ல் வேறு மூன்று பேர் அந்தத் துணைக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். பட்டனைப் பாதி ஓட்டையில் நீங்கள் நுழைத்துவிடுங்கள், மீதியைப் பிள்ளை இழுக்கட்டும். நாளைக்கு அதையும் நுழைக்காதீர்கள். சுவர் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிடுவதில்லையா, அப்படித்தான். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டாலும் தப்பு, "நீயே செய்" என்று ஒதுங்கிக்கொண்டாலும் தப்பு.

கடைசியாக அங்கன்வாடி. முற்றத்துப் புகலிடம் என்று பொருள். 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் மத்திய அரசின் திட்டமாகத் தொடங்கியது. இன்று நம் தமிழ்நாட்டில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. சத்துணவு மட்டும் போடும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியும் அங்கே உண்டு, அதுவும் இலவசமாக. எல்லா மையமும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒரு டீச்சரிடம் எத்தனை பிள்ளைகள்? டீச்சர் மழலையர் கல்விப் பயிற்சி பெற்றவரா, எங்கே? விளையாட்டுச் சாமான்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? தினமும் எத்தனை நேரம் வெளியே விளையாட விடுவீர்கள்? பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? பாத்ரூமை நீங்களே போய்ப் பாருங்கள்.

"டெஸ்ட் வச்சுத்தான் சேர்ப்போம்" என்றால் ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள். முன்பருவப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகவோ எழுத்திலோ எந்தத் தேர்வும் கூடாது என்று மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று 2018-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியிருக்க, எல்.கே.ஜி. பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பக்கம் எழுத்து எதற்கு? டைரியில் இதைக் குறித்து அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் அரிசியில் கல் பொறுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். கறுப்பு உளுந்தையும் பச்சைப் பயறையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். காய்கறிக்காரரிடம் நாலு எலுமிச்சம்பழம் எண்ணி வாங்கச் சொல்லுங்கள். தூங்கும் முன் ஒரு கதை, நம் தாய்மொழியில். இதற்கெல்லாம் நோட்டீஸில் பெரிய பெரிய பெயர்கள் போட்டிருக்கும். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், "அப்படின்னா எங்க பிள்ளை காலையில வந்ததிலிருந்து என்னென்ன செய்வான், சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்? பீஸ் கட்டுவது நாம், படிக்கப் போவது நம் பிள்ளை.

- ஒரு வாசகி, மன்னார்குடி.