எட்டு மணி நேரமும் நிக்கணுமா? சட்டம் என்ன சொல்லுது?

திண்டுக்கல் ஜவுளிக்கடையில வேலை ரெடி. ஆனா நாள் முழுக்க நிக்க உடம்புல தெம்பில்ல. என்ன செய்யலாம்?

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என 2021-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், இடையில் 1 மணி நேர ஓய்வும் உண்டு.

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள்? நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை நடந்து நடந்துதான் இணைக்கணும். உட்கார நேரம் எங்கே?

அதனால் சேரும் முன்பே மூணு கேள்வி கேளுங்க: பில்லிங் மாதிரி உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கா? நைட் ஷிப்ட் மாறி மாறி வருமா? இடைவேளை எவ்வளவு?

உட்காருவது சலுகை இல்ல, உரிமை.