உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை அட்டையின் பின்பக்கம்

ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் தரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கானது, விற்பனைக்கு அல்ல என்று அச்சாகியிருக்கும். அதன் விலையை முடிவுசெய்வது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர். மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக, தயாரிப்பாளரிடமே கொள்முதல். மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் மதிப்பு அதிலுள்ள ஒதுக்கீட்டிலிருந்து கழியும்.

மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குபவருக்கு? அவருக்காக, அகில இந்திய மருந்து நடவடிக்கை வலையமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் விலைக்கட்டுப்பாடு கேட்டு 2003இல் உச்ச நீதிமன்றம் போயின. பத்து வருட இழுபறி! 2013இல்தான் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்த 348 மருந்துகளும் விலைக்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அவற்றின் விலை உச்சவரம்பையும் சந்தை விலைகளின் சராசரியை வைத்தே போடுகிறார்கள். டெண்டர் விலை எங்கே, அது எங்கே!